வாளின் அறமும் தோலின் கணக்கும்

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



மதத்துக்கும் வீர அறத்துக்கும் என்ன உறவு என்று பேசச் சொன்னீர்கள். இதைப் பொத்தாம்பொதுவாகப் பேசினால் ஒன்றும் தேறாது. அதனால ஒரே ஒரு குலத்தை மட்டும் எடுத்துக்கிறேன். அந்தக் குலம் உலகத்துல எங்கேயும் இருந்ததில்லை. முழுக் கற்பனை. 1995இல் அமெரிக்காவில் ‘லெஜண்ட் ஆஃப் த ஃபைவ் ரிங்ஸ்’ என்று ஒரு சீட்டு விளையாட்டு வந்தது. பிறகு அதையொட்டிக் கதைகளும், ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து ஆடும் விளையாட்டும் வந்தன. ரொகுகான் என்றொரு பேரரசு. ஜப்பானைப் பார்த்து வரைந்த நாடு. அதில் பல சாமுராய் குலங்கள். அவற்றில் வடக்கு மலைகளில் இருக்கிற டிராகன் குலம்தான் ரொம்ப மர்மமானது, ஞானம் நிரம்பியது என்று வைத்திருக்கிறார்கள்.

விளையாட்டுதானே, இதுல என்ன அரசியல்னு கேக்கலாம். வரலாறு எழுதும்போது எல்லாரும் கொஞ்சம் ஜாக்கிரதையா இருப்பாங்க. பொழுதுபோக்குல அந்த ஜாக்கிரதை கிடையாது. எதைக் கூச்சமில்லாம ரசிக்கிறோம்ங்கறது அங்கதான் பச்சையா வெளிப்படும். அதனாலதான் புனைவிலிருந்து தொடங்குகிறேன்.

டிராகன் குலத்தின் மூலவர் தொகாஷி. வானத்திலிருந்து மண்ணில் விழுந்த தெய்வங்களில் ஒருவர். மற்ற தெய்வங்கள் யார் அரசாளுவது என்று போட்டி போட்டபோது இவர் கலந்துகொள்ளவில்லை. மலையில் தவமிருந்தார். அவர் வழியில் வந்த துறவிகள் உடம்பில் பச்சை குத்திக்கொள்கிறார்கள். அந்தப் பச்சை அவர்களுக்கு அமானுஷ்ய சக்தியைத் தருகிறது. பச்சை குத்தும் மையில் தொகாஷியின் ரத்தம் கலந்திருக்கிறது என்பது கதை. இந்த ரத்தத்தை ஞாபகத்துல வச்சுக்குங்க.

ஏன்னா அதே ரொகுகானில் ரத்தம் தீட்டு. பிணம் தீட்டு. உரித்த தோல் தீட்டு. சாமுராய் அதைத் தொடக்கூடாது. சண்டையில் ஆயிரம் பேரைக் கொல்லலாம், செத்தவனைத் தொட்டால் அசுத்தம். பிணத்தைத் தூக்க, தோல் பதனிட, ரத்தம் கழுவ ஒரு கூட்டம் வேண்டுமே? அதுக்குத்தான் எத்தா என்ற பிரிவு. மேலே சாமுராய், நடுவில் உழுகிறவரும் கைவினைஞரும் வணிகரும், எல்லாருக்கும் அடியில் ‘மனிதர் அல்லாதோர்’. இந்தப் படிநிலைக்கு அந்தக் கதையில் ‘வானுலக ஒழுங்கு’ என்று பேர். அவரவர் இடத்தில் அவரவர் கடமையைச் செய்தால் அடுத்த பிறவியில் மேலே போகலாம். நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமில்லைன்னு நினைக்கிறேன்.

ஆக, ரத்தம் தீட்டா புனிதமா என்பது ரத்தத்துல இல்லை. யாருடைய ரத்தம், யார் கையில் பட்டது என்பதில் இருக்கு. மூலவரின் ரத்தம் துறவியின் தோள்ல ஞானம். அடித்தட்டு மனிதர் கையில் பட்ட ரத்தம் தலைமுறைக்கும் இழிவு.

இன்னொரு விஷயம். டிராகன் குலத்துக்குள்ள கிட்சுகி என்றொரு குடும்பம். குற்றம் நடந்தால் தடயங்களைப் பார்த்து உண்மை கண்டுபிடிப்பது இவர்கள் பாணி. மற்ற குலத்தார் இவர்களைக் கேலி செய்கிறார்கள். ரொகுகான் நீதியில் தடயத்தைவிடச் சாட்சிதான் பெரிது, அதிலும் உயர்ந்தவன் சாட்சிதான் எடுபடும். சாமுராய் ஒருவன் சொன்னால் அது உண்மை. உழவன் பத்துப்பேர் கண்ணால பார்த்திருந்தாலும் நிற்காது. இதை எழுதினவர்கள் ஒரு சுவாரஸ்யத்துக்காகத்தான் எழுதியிருப்பார்கள். ஆனா வீர அறத்தின் அஸ்திவாரத்தையே சொல்லிட்டாங்க. ‘வாக்குத் தவறாதவன்’ என்ற பெருமை ஒரு சாதிக்கு மட்டும் சொந்தமாக இருந்தால், மற்றவன் வாக்குக்கு மதிப்பில்லை என்றுதான் அர்த்தம். மானம் ஒரு குணம்னு நாம நினைக்கிறோம். அங்கே அது ஒரு சொத்துரிமை.

*

இப்ப இந்தக் கற்பனைக்கு மூலப்பொருள் எங்கேயிருந்து வந்தது என்று பார்ப்போம்.

ரொகுகானின் சாமுராய்கள் நேர்மை, துணிவு, கருணை, பணிவன்பு, வாய்மை, மானம், விசுவாசம் என்று ஏழு அறங்களைக் கடைப்பிடிக்கிறார்கள். உலகம் முழுக்க ‘புஷிடோ’ என்று பிரபலமாகியிருக்கிற பட்டியல் இது. சாமுராய்கள் காலங்காலமாக மனப்பாடம் செய்துவந்த சட்டம் என்று பலரும் நம்புகிறார்கள். அப்படியில்லை. இந்த வடிவத்தில் அது பரவக் காரணம் 1900இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஆங்கிலத்தில் வெளிவந்த ஒரு புத்தகம். எழுதியவர் நிதோபே இனாஸோ. அவர் குவேக்கர் கிறித்தவர். சாமுராய் என்ற வகுப்பே சட்டப்படி ஒழிந்து இருபத்தைந்து வருஷம் ஆன பிறகு, மேற்கத்தியர்களுக்கு எங்களிடமும் ஓர் அறம் இருக்கிறது என்று காட்ட எழுதப்பட்டது. அதற்கு முன் சாமுராய் ஒழுக்கம் பற்றி நூல்கள் இல்லாமல் இல்லை. ‘ஹகாகுரே’ என்ற நூலில் சாவைப் பற்றி ஓயாத பேச்சு. அதைச் சொன்ன யாமமோத்தோ ட்ஸுனெதோமோ 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்தவர். போர்க்களத்தையே பார்க்காதவர். நாட்டில் அப்போது போர் ஓய்ந்து பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. போர் செய்த காலத்து சாமுராய், லாபம் பார்த்துத் தலைவனை மாற்றிக்கொண்டவன். போர் நின்றுபோய், கிராமத்து நெல்லை வாங்கித் தின்கிற அதிகாரியாக ஆன பிறகுதான் அவனுக்கு அறம் ரொம்பத் தேவைப்பட்டது. உழைக்காமல் உண்பதற்கு ஒரு நியாயம் வேணுமில்லையா?

வாள் எப்படி ஒரு சாதியின் தனிச்சொத்தாக ஆனது என்பதையும் பாருங்கள். அதற்கு முன்னால் ஜப்பானில் உழவர்களிடமும் ஆயுதம் இருந்தது. 1588இல் டோயோதோமி ஹிதெயோஷி வாள் பறிப்பு ஆணை போட்டார். உழவர்கள் வாள், ஈட்டி, துப்பாக்கி எதுவும் வைத்திருக்கக் கூடாது. பறித்த இரும்பை என்ன செய்வாராம்? கியோத்தோவில் கட்டிக்கொண்டிருந்த பெரிய புத்தர் கோயிலுக்கு ஆணியும் தாழ்ப்பாளும் செய்வாராம். அதனால் கொடுத்த உழவனுக்கு இந்தப் பிறவியிலும் மறுபிறவியிலும் புண்ணியமாம். இதை ஆணையிலேயே எழுதியிருக்கிறார். ஆயுதத்தையும் பறிக்கணும், பறிகொடுத்தவன் கையெடுத்தும் கும்பிடணும். மதம் வாளுக்குச் செய்த வேலை இது.

அடுத்து, தோலின் கணக்கு. சாமுராயின் கவசத்துக்குத் தோல் வேண்டும். சேணத்துக்குத் தோல் வேண்டும். போர் முரசுக்குத் தோல் வேண்டும். 16ஆம் நூற்றாண்டில் பிரபுக்கள் கோட்டை நகரங்களைக் கட்டும்போது தோல் தொழிலாளர்களைக் கொண்டுவந்து அருகில் குடியமர்த்தினார்கள். பக்கத்துலயும் இருக்கணும், ஒதுக்கியும் வைக்கணும். தொக்குகாவா ஆட்சியில், அதாவது 1603க்கும் 1868க்கும் இடையில், இந்த ஒதுக்கல் இறுகிச் சட்டமாகிறது. எத்தா என்ற சொல்லை ‘அசுத்தம் மிகுதி’ என்று பொருள்படும் எழுத்துகளால் எழுதினார்கள். ஹினின் என்றால் ‘மனிதன் அல்லாதவன்’. செத்த மாட்டையும் குதிரையையும் அப்புறப்படுத்துவது, சிறைக்காவல், மரணதண்டனை நிறைவேற்றும் இடத்து வேலை எல்லாம் இவர்கள் தலையில். கொல் என்று உத்தரவு போட்டவன் சுத்தமானவன். பிணத்தை எடுத்தவன் அசுத்தமானவன்.

டிராகன் துறவிகளின் பச்சைக்குத்தலும் இங்கே ஞாபகம் வரணும். 1720 முதல் ஜப்பானில் குற்றவாளிகளின் கையில் தண்டனையாகப் பச்சை குத்தினார்கள். ஒருத்தன் உடம்பில் அரசு போட்ட சூடு, இருநூத்தி எழுபத்தஞ்சு வருஷம் கழிச்சுக் கற்பனைத் துறவியின் தோளில் சக்தியாக மாறியிருக்கு. விளிம்பு மனிதர்களின் காயத்தையும் மேலே இருப்பவனுக்கு ஆபரணமாக்கித் தருவது புனைவுக்குக் கைவந்த கலை.

*

பௌத்தம் என்ன செய்துகொண்டிருந்தது? இதுதான் நமக்கு ரொம்ப முக்கியமான கேள்வி. பௌத்தம் சாதிக்கு எதிரான மதம் என்று நாம் சொல்கிறோம். சரியாகவே சொல்கிறோம். ஆனால் ஜப்பானில் அது அரசோடு சேர்ந்தபோது நடந்தது வேறு.

17ஆம் நூற்றாண்டில் எல்லாக் குடும்பமும் ஏதாவது ஒரு கோயிலில் பெயர் பதியணும் என்று சட்டம் வந்தது. கிறித்தவர்களைக் கண்டுபிடிக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் கோயிலே அரசின் கணக்குப்பிள்ளையாக ஆனது. ஒதுக்கப்பட்டவர்களுக்குத் தனிக் கோயில். செத்த பிறகாவது விட்டார்களா? ஜப்பானில் இறந்தவருக்குத் துறவி ஒரு பௌத்தப் பெயர் சூட்டுவார், கல்லறையில் அதைத்தான் பொறிப்பார்கள். புராக்கு மக்களுக்குச் சூட்டிய பெயர்களில் ‘விலங்கு’, ‘இழிந்தவர்’, ‘தோல்’ என்று பொருள்படும் எழுத்துகளைக் கலந்து வைத்தார்கள். குடும்பத்தாருக்குப் படிக்கத் தெரியாது. தாத்தாவின் கல்லுக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள். கல்லில் இருப்பது வசவு.

இதே காலத்தில் ஜென் துறவிகள் வாள் வீரர்களுக்குத் தத்துவம் சொல்லிக்கொடுத்தார்கள். தகுவான் ஸோஹோ (1573–1645) என்ற ஜென் துறவி, ஷோகுனின் வாள் ஆசானான யாக்யூ முனெநோரிக்கு எழுதியது புகழ்பெற்றது. மனம் எங்கேயும் தங்கி நிற்கக் கூடாது. அடிப்பவன், அடிபடுகிறவன், வாள் எல்லாமே சூனியம் என்கிற பொருளில் போகிறது அது. ஆழமான தத்துவம்தான், மறுக்கலை. என் கேள்வி ஒண்ணே ஒண்ணு. வெட்டுகிறவனும் வெட்டுப்படுகிறவனும் சூனியம் என்று கண்ட ஞானத்துக்கு, எத்தாவின் தீட்டு மட்டும் ஏன் சூனியமாகத் தெரியவில்லை? எல்லாம் மாயை என்றால் முதலில் மாயையாகிப் போக வேண்டியது தீண்டாமை அல்லவா? கொல்வதற்கு மனத்தடையை எடுத்துவிட வந்த சூனியம், ஒதுக்குப்புறத் தெருவின் வாசல் வரைக்கும் வரவில்லை.

இது பழைய கதையும் இல்லை. 1979இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் உலக மதங்களின் அமைதி மாநாடு நடந்தது. அங்கே ஸோத்தோ ஜென் பிரிவின் பெரிய நிர்வாகி மச்சிதா முனெயோ, ஜப்பானில் புராக்கு ஒதுக்கல் என்று ஒன்றுமில்லை என்று பேசினார். புராக்கு விடுதலைக் கழகம் விடவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டது. அந்தப் போராட்டத்தால்தான் கோயில்களின் இறந்தோர் பதிவேடுகளைப் பார்க்க வேண்டி வந்தது. வசவுப் பெயர்கள் வெளியே வந்தன. கல்லறைகளைத் திருத்த வேண்டி வந்தது. மச்சிதா பிறகு தன் பேச்சைத் திரும்பப் பெற்றார். தானாக எந்த மடமும் தன் ஏட்டைத் திறந்து காட்டாது தோழர்களே. கேட்கணும். விடாமல் கேட்கணும்.

*

மறுபக்கமும் இருக்கிறது. தொகாஷி என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரில் நிஜமாகவே ஒரு சாமுராய் குலம் இருந்தது. காகா என்ற மாகாணத்தை ஆண்டது. தொகாஷி மஸாச்சிக்கா 1474இல் தன் சொந்தத் தம்பியைத் தோற்கடிக்க, ஜோதோ ஷின் பௌத்தத்தைப் பின்பற்றிய உழவர்களின் உதவியைப் பெற்றார். காரியம் முடிந்ததும் அவர்கள் மீதே பாய்ந்தார். 1488இல் அந்த மக்கள் எழுந்தார்கள். உழவர்களும், சிறு வீரர்களும், துறவிகளும் சேர்ந்து கோட்டையை முற்றுகையிட்டார்கள். மஸாச்சிக்கா செத்தார். அதன்பிறகு 1580 வரைக்கும், கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு, காகா மாகாணம் ‘குடியானவர்கள் வைத்திருக்கும் நாடு’ என்று பேர் வாங்கியது.

புனைவில் தொகாஷி ஆட்சியை விரும்பாமல் மலையேறிய தெய்வம். வரலாற்றில் தொகாஷி, மக்களால் இறக்கப்பட்ட பிரபு. இதில் கவனிக்க வேண்டியது, அந்த மக்களும் மதத்தின் பேரால்தான் எழுந்தார்கள். அமிதா புத்தரை நம்பும் யாருக்கும் மீட்சி உண்டு, பிறப்பும் தொழிலும் தடையில்லை என்ற போதனையை அவர்கள் அப்படியே நம்பினார்கள். நம்பினால் பிரபுவுக்கு ஏன் வரி கட்டணும் என்று அடுத்த கேள்வி தானா வந்தது. ஒரே புத்தர்தான். ஹிதெயோஷி அவருக்காக உழவனின் வாளைப் பறித்தார். காகா உழவர்கள் அவர் பெயரைச் சொல்லி வாளை எடுத்தார்கள்.

வாள் இல்லாமலும் போராடினார்கள். 1856இல் ஒக்கயாமா பகுதியில், எத்தா மக்கள் பூவேலையில்லாத, காய்ச்சாற்றில் தோய்த்த மங்கல் நிற உடையும் நீல உடையும்தான் உடுத்தலாம் என்று பிரபுவின் உத்தரவு வந்தது. கிராமம் கிராமமாகக் கூடிப் பேசி, மனு எழுதி, மனு தள்ளுபடியானதும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டு நடந்தார்கள். உத்தரவு நடைமுறைக்கு வரவில்லை. முன்னணியில் நின்றவர்களில் 12 பேரைச் சிறையில் போட்டார்கள். அதில் பாதிப்பேர் சிறையிலேயே செத்துப்போனார்கள். துணிவு, வாய்மை, மானம் என்று அந்த ஏழு அறங்களைப் பட்டியல் போட்டோமே, அதையெல்லாம் இங்கே தேடிப் பாருங்க. பட்டியலில் பேர் இல்லாதவர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள்.

1871இல் ஒதுக்கல் பெயர்கள் சட்டப்படி ஒழிக்கப்பட்டன. அடுத்த வருஷம் எடுத்த குடும்பப் பதிவேட்டில் பல இடங்களில் பழைய அடையாளம் தெரியும்படி எழுதிவைத்தார்கள். அந்த ஏட்டைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து மூட 1968 வரை ஆனது. 1873இல் மிமஸாகா பகுதியில் நடந்த கலவரத்தில், இவர்கள் எப்படி நமக்குச் சமமாகலாம் என்று வீடுகளைக் கொளுத்தினார்கள், ஆட்களைக் கொன்றார்கள். 1975இல் புராக்கு ஊர்களின் பட்டியலைக் கம்பெனிகள் ரகசியமாக வாங்கி, வேலைக்கு வருபவர்களை வடிகட்டியது அம்பலமானது. புராக்கு ஒதுக்கல் இன்னும் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு ஒரு சட்டம் வந்தது 2016இல்தான்.

*

இனி நம்ம விஷயத்துக்கு வருகிறேன். நமக்குள்ளே இளைஞர்கள் சிலர், நாமும் ஒரு காலத்தில் வீரர் குலம்தான், வாள் பிடித்த பரம்பரைதான், அதை நிறுவினால் இழிவு போய்விடும் என்று நினைக்கிறார்கள். அந்த ஏக்கத்தை நான் கேலி செய்யமாட்டேன். அவமானப்பட்டவனுக்குத்தான் அதன் வலி தெரியும். நம் முன்னோரில் போர் செய்தவர்கள் இருந்தார்கள் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் புராக்கு மக்கள் முன்னாலும் இதே வழி இருந்தது. நாங்கள் தோற்றுப்போன சாமுராய்களின் வாரிசுகள் என்று சொல்லியிருக்கலாம். 1922 மார்ச் 3ஆம் தேதி கியோத்தோவில் ஸுய்ஹெய்ஷா, அதாவது சமன்செய்வோர் கழகம், தொடங்கியபோது அவர்கள் அதைச் செய்யவில்லை. அறிக்கையை எழுதிய ஸைக்கோ மன்கிச்சி ஒரு பௌத்தக் கோயில் குடும்பத்துப் பிள்ளை. எத்தா என்ற அந்த வசவுச் சொல்லையே எடுத்து, அதில் பெருமைகொள்ளும் காலம் வந்துவிட்டது என்று அறிவித்தார்கள். தோல் உரித்த கையை மறைக்கவில்லை. உரித்ததற்குக் கூலியாகத் தங்கள் தோலே உரிக்கப்பட்டது என்று உலகத்துக்குச் சொன்னார்கள். கொடியில் வாளோ குலச்சின்னமோ இல்லை. கறுப்புத் துணியில் ரத்தச் சிவப்பாக முள்முடி.

வீர அறத்தின் ருசி எவ்வளவு ஆபத்தானது என்பதற்கும் இதே ஸைக்கோதான் உதாரணம். 1928இல் கம்யூனிஸ்ட் என்று கைதானார். வெளியே வந்தபோது பேரரசரின் கீழ் எல்லாரும் சமம் என்று பேசும் தேசியவாதியாகியிருந்தார். 1930களின் போர்க்காலத்தில் இயக்கமும் போருக்கு இசைந்துபோனது. 1942இல் இல்லாமலே ஆனது. சமத்துவம் கேட்டவர்களுக்கு, சீனாவில் போய்ச் சாவதிலும் சாகடிப்பதிலும் சமத்துவம் தருகிறேன் என்றது அரசு. வீரர்னு பட்டம் கொடுக்கிறவன் யாரு, எதுக்காகக் கொடுக்கிறான்னு கேக்காம வாங்கிக்கிட்டா இதுதான் நடக்கும். போருக்குப் பிறகு மறுபடி அடியிலிருந்து கட்டவேண்டியிருந்தது. 1955இல் புராக்கு விடுதலைக் கழகம் என்று பெயர் வைத்தார்கள். 2001இல் டர்பனில் நடந்த ஐ.நா. மாநாட்டில் இந்திய தலித்துகளும் அவர்களும் ஒன்றாக நின்றார்கள். 2002இல் ஐ.நா.வின் இன ஒதுக்கல் ஒழிப்புக் குழு, பிறப்பு வழி ஒதுக்கல் என்பதில் சாதியும் அடங்கும் என்று தெளிவாகச் சொன்னது.

மதத்தை என்ன செய்வது? இரண்டு துறவிகளைச் சொல்லி முடிக்கிறேன். உச்சியாமா குடோ, ஸோத்தோ ஜென் துறவி. ஹக்கோனே மலையில் ஒரு ஏழைக் கோயில். புத்தர் பீடத்துக்கு அடியில் அச்சு இயந்திரத்தை ஒளித்துவைத்து, நிலம் உழுகிறவனுக்குச் சொந்தம், பேரரசர் தெய்வமில்லை என்று துண்டறிக்கை அடித்தார். 1911 ஜனவரியில் தூக்கிலிட்டார்கள். அதற்கு முன்பே அவருடைய மடம் அவரைத் துறவி இல்லை என்று நீக்கிவிட்டது. திரும்பச் சேர்த்துக்கொண்டது 1993இல். இன்னொருவர் தகாகி கென்ம்யோ, ஷிங்கூ ஊரில் ஜோதோ ஷின் பூசகர். அவர் கோயிலுக்கு வந்தவர்களில் நிறையப்பேர் புராக்கு மக்கள். அவர்களோடு நின்றார், போரை எதிர்த்தார். அதே வழக்கில் மரணதண்டனை, பிறகு ஆயுள் தண்டனை. 1914இல் சிறையில் தற்கொலை செய்துகொண்டார். அவரது மடமும் அவரைத் துரத்தியிருந்தது. 1996இல்தான் திரும்ப ஏற்றுக்கொண்டது. இவர்களும் அதே சூத்திரங்களைத்தான் படித்தார்கள். வாள் வீரனுக்குச் சூனியம் போதித்த அதே மரபுதான். எங்கே நின்று படித்தார்கள் என்பதுதான் வேறு.

அம்பேத்கர் 1956இல் பௌத்தத்தை ஏற்றபோது, எந்த நாட்டு மடத்தின் பௌத்தத்தையும் அப்படியே வாங்கிக்கொள்ளவில்லை. 22 உறுதிமொழிகளைத் தானே எழுதி, சமத்துவத்தை அதில் நடைமுறைக் கட்டளையாக வைத்தார். ஜப்பானின் கல்லறைகளைப் பார்க்கும்போது அது எவ்வளவு அவசியமான காரியம் என்று புரிகிறது.

கற்பனைக் குலங்களின் கதைகளைப் படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. படியுங்கள், விளையாடுங்கள். ஷிராத்தோ ஸன்பெய் 1964 முதல் 1971 வரை ‘கமுயி’ என்ற சித்திரக்கதையை வரைந்தார். அதில் நாயகன் ஹினின் குடியிருப்பில் பிறந்தவன். அப்படியும் எழுத முடியும், லட்சக்கணக்கில் படிக்கவும் வைக்க முடியும். எந்த வீரக்கதையைக் கையில் எடுத்தாலும் அதில் கவசத்துக்குத் தோல் கொடுத்தவர் யார், பிணத்தை எடுத்தவர் யார், அவர் சாட்சி சொன்னால் அந்த ஊரில் எடுபடுமா என்று கேளுங்கள். இதைக் கேட்டு உங்களில் யாராவது எழுத ஆரம்பித்தால், அதை இந்த வட்டத்திலேயே முதலில் வாசியுங்கள்.

இனி நீங்கள் பேசணும்.